பையன் கை தாமதமாகவில்லை: ஞாயிறு தற்காப்பு வகுப்பு நடத்தும் கோயில் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் ஐயா, செயலாளர், ஞாயிறு வகுப்பு நடத்தும் மாஸ்டர் அவர்களுக்கு,

போன வாரம் கோயில் நோட்டீஸ் போர்டில் நீங்கள் ஒட்டிய தாளைப் படித்தேன். மூன்று முடிவுகள் அதில் இருந்தன. ஞாயிறு கராத்தே வகுப்பில் இனி கிளவுஸ் மாட்டிக்கொண்டு ஒருவரோடு ஒருவர் மோதிப் பழகுவது கிடையாது. எதிராளி இல்லாமல் தனியாக வரிசையாகச் செய்யும் அசைவுகளான கட்டாவும், எண்ணிக்கைக்குச் செய்யும் தடுப்புகளும் மட்டும் நடக்கும். ஆறு மாதம் ஒழுங்காக வந்தவர்களுக்கு பெல்ட்டோடு சேர்த்து 'தற்காப்புத் தகுதிச் சான்றிதழ்' கொடுக்கப்படும்.

இந்தத் தாள் ஒட்டப்பட்டதற்குக் கொஞ்ச நாள் முன்பு, நம் வகுப்பிலேயே பச்சை பெல்ட் வாங்கிய பையன் ஒருவன் டியூஷன் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி, கரண்ட் இல்லாத சந்தில் வீட்டுக்கு நடந்து வரும்போது முகத்தில் குத்து வாங்கினான். போனைப் பிடுங்க வந்தவன் குத்தியது. முன்பல் ஒன்று போய்விட்டது, உதட்டில் தையல். பிறகு நடந்த குழுக் கூட்டத்தில் அந்த விஷயம் வந்தபோது மாஸ்டர் சொன்னது என் காதுக்கும் வந்தது: "தடுப்பை ஒழுங்காகப் போட்டிருந்தால் பட்டிருக்காது. பையன் கை தாமதம். இன்னும் ஆயிரம் தடவை அடித்துப் பழகியிருக்க வேண்டும்." கூட்டத்தில் யாரும் மறுத்துப் பேசவில்லை. அடுத்த நாள் பையனின் அம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்று, "அண்ணே, அவன் சரியாகப் பழகவில்லையா? காசு கட்டி அனுப்பினேனே" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். நான் என் பங்குக்குச் சொல்லிவிட்டேன். இங்கே எழுத்திலும் சொல்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி போதும். சின்ன வயதில் இதே கராத்தேயில் கறுப்பு பெல்ட் வாங்கியவன். அதற்குப் பிறகு லெத்வே என்ற பர்மிய வெறுங்கைச் சண்டைக் கூடங்களில் பையன்கள் குத்திப் பழக பேட் பிடித்து, போட்டி நாளில் மூலையில் தண்ணீர் வாளியோடு நின்றே காலம் போனது. குத்து எப்படி வரும், எவ்வளவு வேகமாக வரும் என்பது எனக்குக் கேள்விப்பட்ட விஷயம் இல்லை.

பையனைப் போய்ப் பார்த்தேன். உதடு வீங்கி, பேச்சு குழறியது. "என்ன செய்தாய், நடந்ததை அப்படியே செய்து காட்டு" என்றேன். சமையலறையில் நின்று காட்டினான். எதிராளி பக்கத்தில் வந்து பர்மிய மொழியில் மணி என்ன என்று கேட்டிருக்கிறான். இவன் போனை எடுத்துப் பார்த்திருக்கிறான். அவன் போனைப் பிடித்து இழுக்க, இவன் விடாமல் இழுக்க, அந்த இழுப்பிலேயே அவன் தோள் பின்னால் போனதை இவன் பார்த்திருக்கிறான். "குத்தப் போகிறான் என்று தெரிந்துவிட்டது மாமா. வலது கையை இடுப்புக்கு இழுத்தேன். இடது கையைக் குறுக்கே கொண்டு வந்து மேலே தூக்கினேன்" என்றான். செய்து காட்டினான். ஐயா, அவ்வளவு சுத்தமான மேல் தடுப்பை நான் அண்மையில் பார்த்ததில்லை. முழங்கை கோணம் சரி, மணிக்கட்டுத் திருப்பம் சரி, இழுத்த கை இடுப்பில் ஒட்டி நிற்கிறது. "கை எங்கே வந்தபோது பட்டது?" என்று கேட்டேன். நெஞ்சுக் குழிக்கு நேரே கையை நிறுத்திக் காட்டினான். அங்கே வரும்போது பல் போய்விட்டது.

நீங்கள் கற்றுக் கொடுத்ததை ஒரு எழுத்து மாறாமல் செய்திருக்கிறான். அதைச் செய்ததால்தான் பட்டது. முகத்துக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு கைகளில் ஒன்றை இடுப்புக்கு அனுப்பிவிட்டான், இன்னொன்றைக் குறுக்கே சுற்றி அனுப்பினான். குத்து வந்த நேரத்தில் முகத்துக்கு முன்னால் ஒரு கையும் இல்லை.

இப்போது கணக்குக்கு வருகிறேன். ஓட்டப் பந்தயத்தில் துப்பாக்கி வெடித்த பின் 0.1 விநாடிக்குள் ஓடத் தொடங்கினால் அதைத் தவறான தொடக்கம் என்றுதான் உலகத் தடகள அமைப்பு கணக்கிடுகிறது. சத்தம் கேட்டு அதற்குள் உடம்பை அசைக்க மனிதனால் முடியாது, முந்திக்கொண்டு கிளம்பிவிட்டான் என்று பொருள். அது உலகத்திலேயே வேகமானவர்களின் கதை. அவர்கள் காத்திருப்பது ஒரே ஒரு சத்தத்துக்கு, செய்யப் போவது ஒரே ஒரு வேலை. சாதாரண மனிதன் ஒன்றைக் கண்ணால் பார்த்து, ஏற்கெனவே முடிவு செய்துவைத்த ஒரே அசைவைத் தொடங்கவே சுமார் 0.2 விநாடி ஆகும். என்ன வரும் என்று தெரியாமல், வந்ததற்கு ஏற்ற ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் அதற்கும் மேலே. 1952-இல் ஹிக் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் இதைச் சோதித்து எழுதினார்: தேர்ந்தெடுக்க வேண்டியவை கூடக் கூட, பதில் தொடங்கும் நேரமும் கூடுகிறது. நம் வகுப்பில் மேல் தடுப்பு, உள் தடுப்பு, வெளித் தடுப்பு, கீழ்த் தடுப்பு, கத்திக்கை தடுப்பு என்று வரிசையாகச் சொல்லிக் கொடுக்கிறோம். பெல்ட் ஏற ஏற வரிசையும் நீளுகிறது.

இவ்வளவும் கை அசையத் தொடங்குவதற்கு முன்னால் போகிற நேரம். அதன் பிறகு கை இடுப்பிலிருந்து கிளம்பி, குறுக்கே போய், நெற்றிக்கு மேலே ஏற வேண்டும்.

எதிர்ப் பக்கம் என்ன நடக்கிறது? 1969-இல் அமெரிக்காவின் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழ் குத்துச்சண்டை வீரர் முகமது அலியின் ஜாப்பை, அதாவது இடக்கை நேர்க் குத்தை, அளந்து பார்த்தது. பதினாறரை அங்குலம் தள்ளியிருந்த பலகையை எட்ட அந்தக் கைக்கு 0.04 விநாடிதான் ஆனது. சந்தில் நின்றவன் அலி இல்லை, சரி. அவனை மூன்று மடங்கு மெதுவானவன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் பையனின் மூளை "இது மேல் குத்து" என்று முடிவு செய்வதற்குள் முஷ்டி முகத்தில் இருக்கும். மாஸ்டர் சொல்கிற அந்த ஆயிரம் தடவை இந்தக் கணக்கில் எங்கே நுழையும்? தடுப்பின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டும். கண் பார்த்து மூளை முடிவெடுக்கும் நேரம் காற்றில் கைவீசிப் பழகுவதால் குறையாது.

அப்படியென்றால் வகுப்பில் மட்டும் தடுப்பு எப்படி ஒவ்வொரு தடவையும் பலிக்கிறது? போன திருவிழாவில் மண்டபத்தில் நடந்த செய்முறையை நினைத்துப் பாருங்கள். அடிப்பவன் எங்கே நின்றான்? ஒரு முழு எட்டு எடுத்து வைத்தால்தான் எட்டும் தூரத்தில். முதலில் கீழ்த் தடுப்பு போட்டு நின்றான். "முகத்துக்கு" என்று உரக்கச் சொன்னான். கத்திக்கொண்டே எட்டு வைத்து வந்து, ஒரே ஒரு குத்து விட்டு, கொடிக்கம்பம் மாதிரி கையை நீட்டியபடியே நின்றான். மாஸ்டர் தடுத்து, பிடித்து, திருப்பி, மூன்று அடி கொடுத்து முடிக்கும் வரை அந்தக் கை அசையவில்லை. ஜனங்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், அழகாகத்தான் இருந்தது. ஆனால் எந்தக் குத்து, எந்தப் பக்கம், எப்போது, எந்தக் கையால் என்ற நான்கு கேள்விக்கும் விடை முன்கூட்டியே கையில் இருந்தது. தேர்ந்தெடுக்க ஒன்றுமே மிச்சமில்லை. எட்டு வைத்து வரும் தூரம் தயாராக வேண்டிய நேரத்தையும் கொடுத்துவிட்டது.

தெருவில் எவனும் எட்டு வைத்து வர மாட்டான். பேச்சுக் கொடுத்துக்கொண்டே கை நீளத்துக்குள் வந்துவிடுவான். ஒரு குத்தோடும் நிறுத்த மாட்டான். முதல் குத்தைத் தடுத்த கை இன்னும் மேலே நிற்கும்போதே இரண்டாவது விலாவுக்கு வரும். நீட்டிய கையை விட்டுவைக்கவும் மாட்டான், போன வேகத்திலேயே திரும்பிவிடும். தடுத்துப் பிடித்துத் திருப்புவதற்கு அங்கே கையே இருக்காது. பொய்க் குத்து என்று ஒன்று இருக்கிறது. தோளை மட்டும் அசைத்தாலே, தடுப்பு பழகிய பையன் கையைத் தூக்கிவிடுவான். லெத்வே கூடத்துக்குப் புதிதாக வரும் கராத்தே பையன்களிடம் நாங்கள் முதல் நாளே பார்ப்பது இதைத்தான். தோளை அசைத்தால் கை மேலே போகும், வயிறு திறந்து நிற்கும்.

கராத்தேயைக் கேவலப்படுத்த நான் வரவில்லை. எனக்குச் சோறு போட்ட கலை இல்லை என்றாலும், நிமிர்ந்து நிற்கச் சொல்லிக் கொடுத்த கலை. அதன் சரித்திரம் தெரிந்தால் இந்தத் தடுப்புகள் எங்கிருந்து வந்தன என்பதும் புரியும். 1900-களின் தொடக்கத்தில் ஒகினாவாவில் இடோசு அங்கோ என்ற ஆசான் பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கராத்தேயை எளிதாக்கினார். இன்று நம் பிள்ளைகள் முதலில் கற்கும் கட்டாக்கள் அந்த வழியில் வந்தவை. 1922-இல் ஃபுனகோஷி கிச்சின் அதை டோக்கியோவுக்குக் கொண்டுபோனார். அங்கே பல்கலைக்கழகங்களில் பெரிய கூட்டத்துக்கு ஒரே நேரத்தில் எண்ணிக்கை சொல்லிக் கற்பிக்கும் முறை வளர்ந்தது. நூறு பேரை ஒரே கூடத்தில் யாருக்கும் அடிபடாமல் பழக்க அது நல்ல வழி. நிலை, மூச்சு, தூரம், ஒழுக்கம் எல்லாம் அதில் வரும். முழு வேகத்தில் வருகிற குத்தை நிறுத்துவது மட்டும் வராது.

இன்னொன்றும் பாருங்கள். கட்டாவில் வரும் ஒவ்வொரு தடுப்பிலும் இரண்டு கைக்கும் வேலை இருக்கிறது. முதலில் ஒரு கை முகத்துக்கு முன்னால் குறுக்கே போகும், அப்புறம் மற்ற கை பெரிதாக வெளியே வரும், முதல் கை இடுப்புக்கு இழுபடும். குத்து என்று ஒன்று வந்தால் அதைத் தள்ளிவிட வாய்ப்புள்ளது அந்த முதல் சின்ன அசைவுக்குத்தான். பின்னால் வரும் பெரிய வீச்சும் இடுப்புக்கு இழுப்பதும், எதிராளியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே முன்கையால் அவன் கழுத்தையோ தாடையையோ அடிப்பதற்குப் பொருந்துகின்றன. பல மூத்த கராத்தே ஆசான்கள் இப்படித்தான் விளக்குகிறார்கள். நம் வகுப்பில் அந்த முதல் அசைவை 'தயார் நிலை' என்று சொல்லி வேகமாகத் தாண்டிவிடுகிறோம். வேலைக்கு ஆகிற பாதியை விட்டுவிட்டு, ஆகாத பாதிக்கு மதிப்பெண் போடுகிறோம்.

கராத்தேயின் உச்சத்தில் இருப்பவர்களே இந்தப் பெரிய தடுப்புகளை நம்பி நிற்பதில்லை. 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தே முதல் தடவையாக வந்தது. அந்த மோதல்களைப் போட்டுப் பாருங்கள். துள்ளிக்கொண்டே தூரத்தை வைத்திருக்கிறார்கள், கைகள் முன்னால் இருக்கின்றன, எதிராளி கிளம்பும்போதே உள்ளே பாய்ந்து முந்துகிறார்கள், அல்லது விலகுகிறார்கள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேல் தடுப்புக்குக் காத்திருப்பவர் ஒருவரும் இல்லை.

நம் ஊர் லெத்வே இன்னும் கடுமையான சோதனை. கையில் கிளவுஸ் கிடையாது, துணிச் சுற்று மட்டும். முட்டி, முழங்கை, தலைமுட்டு எல்லாம் உண்டு. மூன்று நிமிடம் வீதம் ஐந்து சுற்று. பழைய மரபில் பாயிண்டும் கிடையாது; யாரும் விழாவிட்டால் சமன். தடுப்பு அழகாக இருந்தது என்று மதிப்பெண் போட அங்கே ஆள் இல்லை, அதனால் பயன்படாதது எதுவும் அந்த வளையத்துக்குள் தங்காது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பர்மாவுக்காகக் குத்துச்சண்டை போட்ட சா பா நெய்ன்தான் பிறகு லெத்வேக்கு ஒழுங்கான விதிகளைக் கொண்டுவந்தவர். அவருக்குப் பின் எத்தனை தலைமுறை ரங்கூன் தெயின் பியூ ஸ்டேடியத்தில் ஆடிவிட்டது. அங்கே ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். குத்து வந்தால் என்ன செய்கிறார்கள்? தாடையை நெஞ்சில் ஒட்டுகிறார்கள். கை ஏற்கெனவே கன்னத்தில் இருப்பதால் முழங்கையைக் கொஞ்சம் உயர்த்தினாலே காதும் தாடையும் மூடிக்கொள்ளும். அரை எட்டு பின்வாங்குகிறார்கள், இல்லையென்றால் அரை எட்டு முன்னே போய் கழுத்தைக் கட்டிக்கொள்கிறார்கள். வேறு வழியில்லாவிட்டால் நெற்றியைக் கொடுக்கிறார்கள். நெற்றி எலும்பில் வெறுங்கையால் குத்தினால் உடைவது பெரும்பாலும் குத்தியவன் விரல் எலும்புதான்.

இவை எல்லாவற்றிலும் பொதுவானது, கை பயணம் செய்ய வேண்டிய தூரம் மிகக் குறைவு. எந்தக் குத்து என்று சரியாகக் கண்டுபிடிக்கவும் வேண்டியதில்லை. நேர்க் குத்தானாலும் வளைவுக் குத்தானாலும் அதே மூடல்தான். ஹிக் சொன்ன தாமதம் இங்கே வராது, ஏனென்றால் தேர்ந்தெடுக்க வேண்டியதே ஒன்றுதான்.

நேர்மையாகச் சொன்னால், தடுப்பு முழுக்கப் பயனற்றதும் இல்லை. குடித்துவிட்டு வீட்டுக் கல்யாணத்தில் தூரத்திலிருந்து கையைச் சுழற்றிக்கொண்டு வருகிற மாமாவின் அடியை முன்கையால் நிறுத்திவிடலாம். அது நீண்ட பாதையில் வருகிறது, நேரம் கொடுக்கிறது. சட்டையைப் பிடிக்க நீளும் கையைத் தட்டிவிடவும் உதவும். உதைக்குக் கீழ்த் தடுப்பு போடுவதை மட்டும் தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். முழு வேகத்தில் வரும் கெண்டைக்கால் எலும்புக்கு முன்னால் முன்கையை நீட்டினால் முன்கைதான் உடையும், முகமும் திறந்துவிடும். லெத்வேயில் உதைக்குக் காலைத் தூக்கிக் கெண்டைக்கால் எலும்பால் வாங்குவது சும்மா இல்லை.

அப்படியானால் நல்ல சண்டைக்காரன் குத்தைத் தட்டிவிடுகிறானே, எப்படி? இங்கேதான் உங்கள் அறிவிப்பு என்னை உறுத்துகிறது. அவனுடைய நரம்பு வேகமாகிவிடவில்லை. குத்து கிளம்புவதற்கு முன்பே அவன் படித்துவிடுகிறான். பாதம் திரும்புவது, தோள் விழுவது, மூச்சு நிற்பது, தூரம் ஒரு சாண் குறைவது, முந்தைய இரண்டு குத்துக்குப் பின் இவன் எப்போதும் எதை விடுவான் என்ற ஞாபகம். இந்தப் படிப்பு எதிரில் ஒருவர் அறிவிக்காமல், நிஜ வேகத்தில், நிஜமாகத் தொட முயன்றால்தான் வரும். கட்டாவில் எதிராளியே இல்லை. எண்ணிக்கைப் பயிற்சியில் எதிராளி ஒத்துழைக்கிறார். கிளவுஸ் மாட்டிப் பழகும் நேரத்தில் மட்டும்தான் பிள்ளைகளுக்கு இந்தப் படிப்பு கிடைத்துக்கொண்டிருந்தது. நீங்கள் நிறுத்தியது அதைத்தான்.

ஏன் நிறுத்தினீர்கள் என்பது தெரியும். ஒரு பிள்ளைக்கு மூக்கில் ரத்தம் வந்தது, பெற்றோர் சத்தம் போட்டார்கள், "கோயில் மண்டபத்தில் சண்டையா" என்று ஒரு பெரியவர் கேட்டார். அந்தக் கவலையை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். வளரும் பிள்ளையின் தலையில் பலமாக அடிபடுவது விளையாட்டு இல்லை. அப்படிப் பழக்கும் கூடங்களோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் அன்று மண்டபத்தில் என்ன நடந்தது? பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எதிரே இரண்டு மடங்கு எடையுள்ள பையன். பல்லைக் காக்கும் மவுத் கார்டு கிடையாது. பஞ்சு நசுங்கிப் போன பழைய கிளவுஸ். பார்த்துக்கொள்ள வேண்டியவர் வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தார். அதற்கு மருந்து மேற்பார்வை. பயிற்சியையே எடுத்துவிட்டால் மூக்கு மண்டபத்தில் தப்பித்து சந்தில் உடையும்.

வேகம் முழுசு, பலம் கால்வாசி. நாங்கள் சொல்லிக்கொடுக்கும் விதி இதுதான். முஷ்டி முழு வேகத்தில் கிளம்பட்டும், தொட்டவுடன் நிற்கட்டும். சின்னப் பிள்ளைகளுக்குத் தோளையும் நெஞ்சையும் தொட்டால் போதும், முகமே வேண்டாம். பதினாறு அவுன்ஸ் கிளவுஸ், வெந்நீரில் போட்டுக் கடித்து வைக்கும் மவுத் கார்டு, ஒரே எடை உள்ளவர்கள், இரண்டு நிமிடச் சுற்று, நடுவில் நிற்க ஒரு பெரியவர். இதில் மூக்கில் ரத்தம் வருவது அபூர்வம். வேகத்துக்குக் கண் பழகிவிடும்.

சான்றிதழ் விஷயம்தான் எல்லாவற்றையும் விட எனக்குப் பயம். பெல்ட் கொடுங்கள், பிள்ளைகளுக்கு அதில் சந்தோஷம். 'தற்காப்புத் தகுதி' என்று அச்சடித்து, கோயில் முத்திரையோடு கொடுத்தால் பதினேழு வயதுப் பையன் அதை நம்புவான். அவனைவிட அவன் அம்மா நம்புவார். நம் பையன் போனை விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். சந்து முனையில் டீக்கடை இருந்தது, ஆட்கள் இருந்தார்கள். "ஏன் ஓடவில்லை?" என்று கேட்டதற்கு, "எனக்குத்தான் தெரியுமே மாமா, தடுக்கலாம் என்று நினைத்தேன்" என்றான். வகுப்புக்கே வராத அவன் தம்பியாக இருந்தால் போனைக் கொடுத்துவிட்டுப் பல்லோடு வீட்டுக்கு வந்திருப்பான்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வகுப்பில் பாதிக்கு மேல் அவர்கள்தான். அவர்களுக்கு நேரும் தொல்லை பெரும்பாலும் குத்தாக வருவதில்லை. மணிக்கட்டைப் பிடிப்பது, தோளைப் பிடிப்பது, வழி மறிப்பது. அதிலிருந்து உதறிக்கொண்டு வெளியே வர, ஊர் திரும்பிப் பார்க்கும்படி பர்மிய மொழியில் கத்த, ஒரு மணி நேரம்கூட ஒதுக்கப்படவில்லை. ஐந்து வகைத் தடுப்பு மட்டும் மனப்பாடமாகத் தெரிகிறது.

இந்த வகுப்பை மூடச் சொல்கிறேன் என்று யாரும் திரிக்க வேண்டாம். 1960-களில் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு ரங்கூனில் தமிழ்ப் பிள்ளைகள் ஒன்றாகக் கூடித் தமிழ் கேட்கும் இடம் கோயில்தான். ஞாயிறு காலையில் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று அந்தப் பிள்ளைகள் எண்ணும் சத்தம் எனக்கும் வேண்டும். வீட்டில் பர்மிய மொழியே பேசும் பிள்ளைகள் அங்கே வந்துதான் நூறு வரை தமிழில் எண்ணக் கற்றுக்கொள்கிறார்கள். அதனால்தான் அந்த மண்டபத்தில் சொல்லப்படுவது உண்மையாக இருக்க வேண்டும் என்கிறேன்.

இனி நான் கேட்பது.

முதலாவதாக, மாஸ்டர் அந்தப் பையன் வீட்டுக்கு நேரில் போக வேண்டும். அவன் கை தாமதமாகவில்லை, கற்றுக்கொடுத்தபடியே செய்தான் என்று அவன் அம்மா முன்னால் சொல்ல வேண்டும். கூட்டத்தில் சொன்னதைக் கூட்டக் குறிப்பிலிருந்தும் திருத்துங்கள். மற்றவை தள்ளிப்போனாலும் இது இந்த வாரமே நடக்க வேண்டும்.

கிளவுஸ் பயிற்சியை நிறுத்திய முடிவை வாபஸ் வாங்குங்கள். மேலே சொன்ன விதிகளை எழுதி, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி, விருப்பமுள்ள பிள்ளைகளுக்கு மட்டும் நடத்துங்கள். வேண்டாம் என்கிற பிள்ளை கட்டா செய்யட்டும், அதில் குறை ஒன்றும் இல்லை. கிளவுஸுக்கும் மவுத் கார்டுக்கும் பணம் இல்லை என்று பதில் வரும் என்று தெரியும். லெத்வே கூடத்து நண்பர்களிடம் பேசிவிட்டேன், ஆறு ஜோடி கிடைக்கும். மேற்பார்வைக்கு நானும் வருகிறேன், சம்பளம் வேண்டாம்.

சான்றிதழில் 'தற்காப்புத் தகுதி' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'கராத்தே அடிப்படைப் பயிற்சி' என்று போடுங்கள். ஏற்கெனவே அச்சடித்துவிட்டதாகக் கேள்வி. மேலே ஒரு தாள் ஒட்டினால் போதும்.

ஒவ்வொரு ஞாயிறும் அரை மணி நேரம் தனியாக ஒதுக்கி, கையைக் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பேசுவது, கை நீளத்துக்குள் ஆளை விடாமல் பின்வாங்குவது, தலையை மூடுவது, பிடியை உதறுவது, போனைக் கொடுத்துவிட்டு வெளிச்சத்தைப் பார்த்து ஓடுவது ஆகியவற்றைக் கற்றுக்கொடுங்கள். மாஸ்டருக்கு இவை தெரியாதவை இல்லை, பாடத்திட்டத்தில் இடம்தான் இல்லை.

கடைசியாக, நான் எழுதியதில் உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் அதைத் தீர்ப்பது சுலபம். வரும் ஞாயிறு வகுப்பு முடிந்ததும் நான் மெத்தென்ற கிளவுஸோடு மண்டபத்தில் இருப்பேன். குழுவிலிருந்து யாராவது ஒருவர், மாஸ்டரே ஆனாலும் சரி, கை நீளத் தூரத்தில் என் எதிரே நில்லுங்கள். ஒரு நிமிடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும், எந்தக் கையாலும், அறிவிக்காமல் உங்கள் நெற்றியை மெதுவாகத் தொடுவேன். இடுப்பிலிருந்து மேல் தடுப்பு போட்டு நிறுத்துங்கள். பிறகு கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அதையே இன்னொரு நிமிடம் செய்து பார்ப்போம். பெற்றோர்களும் பார்க்கட்டும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன் பதில் வேண்டும். அறிவிப்பை ஒட்டிய அதே போர்டில், அதே அளவுத் தாளில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளின் உறவினன், பழைய மாணவன்
ரங்கூன்